கோழிக்கு மூச்சு இரைக்கிறதா? மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை



கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் நான்கைந்து கோழிகளாவது மேய்ந்துகொண்டிருப்பதை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அவற்றை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். முட்டை பிள்ளைகளுக்கு, சேவல் விருந்தாளிக்கு, மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்குக் காசு. கணவரை இழந்த சகோதரிகள் பலருக்கு, யாரிடமும் கை நீட்டாமல் இருக்க இந்தச் சிறு வருமானம் உதவுகிறது. ஒரு பெட்டைக்கோழி இருபது முப்பது ரூபாய்க் குஞ்சாக வந்து, முட்டையிட்டு, அடைகாத்து, ஒரு கூட்டமாகப் பெருக மாதங்கள் பல ஆகின்றன. சீக்கு நுழைந்துவிட்டால் அந்தக் கூடு காலியாக ஒரு வாரம் போதும்.

அந்தச் சீக்கு பல நேரங்களில் மூச்சில்தான் முதலில் தெரியும். ஒரு கோழி தும்மும். மூக்கில் நீர் வடியும். கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். இரவில் கூட்டுக்குள்ளிருந்து கொர் கொர் என்று சத்தம் கேட்கும். இதைக் கண்டதும் வழக்கமாக மூன்று காரியங்கள் நடக்கின்றன. மெடிக்கலில் கிடைக்கும் ஏதாவது ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி ஊற்றுவார்கள். அல்லது சாவதற்குள் அறுத்துவிடுவார்கள். அல்லது மற்ற கோழிகளுக்கும் வருமுன் மொத்தத்தையும் வியாபாரியிடமோ சந்தையிலோ தள்ளிவிடுவார்கள்.

முதலில் செய்ய வேண்டியது இம்மூன்றில் எதுவும் இல்லை. சீக்கான கோழியை மற்றவற்றிலிருந்து பிரிப்பதும், நம் வீட்டுக் கோழி எதுவும் வெளியே போகாமலும் வெளிக்கோழி எதுவும் உள்ளே வராமலும் நிறுத்துவதும்தான் முதல் வேலை. நோய் இன்னதென்று தெரியாவிட்டாலும், மருந்து கையில் இல்லாவிட்டாலும், காசு செலவழிக்காமல் அந்த நிமிடமே எவராலும் செய்யக்கூடிய காரியம் இது. நம் மார்க்கம் ஏற்கெனவே காட்டித் தந்த வழியும் இதுதான்.

நோயுற்றதை ஆரோக்கியமானதோடு சேர்க்காதீர்

நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர், ஆரோக்கியமான ஒட்டகங்களை வைத்திருப்பவரிடம் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. தண்ணீர்த் துறையில் எல்லோருடைய கால்நடைகளும் ஒன்றுகூடும் சமூகத்தில் சொல்லப்பட்ட அறிவுரை இது. ஒட்டகத்துக்கு நீர்த்துறை எப்படியோ, நம் தெருக் கோழிகளுக்குக் குப்பைமேடும் சாக்கடை ஓரமும் அப்படி.

"தொற்று இல்லை என்றும் ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்பதுண்டு. நோய் தன் சொந்த ஆற்றலால், அல்லாஹ்வின் நாட்டமின்றித் தானாகவே தாவுகிறது என்ற அறியாமைக்கால நம்பிக்கையைத்தான் அந்த ஹதீஸ் மறுக்கிறது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். காரணங்களை அல்லாஹ்வே அமைத்திருக்கிறான். அந்தக் காரணங்களிலிருந்து விலகி நடப்பதும் அவன் மீது தவக்குல் வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் செய்தி நாம் அறிந்ததே.

மூச்சிரைப்பு எல்லாமே நோயா?

இல்லை. கோழிக்கு வியர்ப்பதில்லை. அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெயில் ஏறும்போது வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். மதிய வெயிலில் எல்லாக் கோழிகளும் ஒரே மாதிரி இறக்கையை உடலிலிருந்து சற்று விரித்து, வாயைத் திறந்து நின்று, நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கிடைத்ததும் சரியாகிவிட்டால் அது வெப்பம்தான். துரத்திப் பிடித்தபின் சற்று நேரம் இரைப்பதும் இயல்பே.

ஆனால் காலைக் குளிர்ச்சியிலும் ஒரு கோழி வாய் திறந்து மூச்சு விட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், கழுத்தை முன்னே நீட்டித் தவித்தால், கண்ணிலோ மூக்கிலோ நீர், நுரை, சளி தெரிந்தால் அது நோயின் அடையாளம். இதைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் இஷாவுக்குப் பின். கோழிகள் அடைந்து அமைதியானபின் கூட்டருகே ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நின்று கேளுங்கள். பகலில் மறைத்துக்கொள்ளும் கோழியின் கரகரப்பு இரவில் தெளிவாகக் கேட்கும்.

கோழியின் மூச்சு நம்முடையது போன்றதல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. நுரையீரலோடு சேர்ந்து ஒன்பது காற்றுப்பைகள் நெஞ்சிலும் வயிற்றிலும் பரவியிருக்கின்றன. அதனால்தான் மூச்சுக்குழாயில் தொடங்கிய நோய் விரைவில் உடல் முழுவதையும் பாதிக்கிறது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும். எனவே மூச்சுத் திணறும் கோழியை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அந்தப் பிடியிலேயே அது இறந்துபோகக்கூடும். பிள்ளைகளிடம் பிடிக்கக் கொடுக்கவே வேண்டாம்.

எந்த நோயாக இருக்கலாம்?

பார்வையை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய மருத்துவராலும் எப்போதும் முடிவதில்லை. ஆனால் சில அடையாளங்களைத் தெரிந்துவைத்திருந்தால், எவ்வளவு அவசரம் என்பதை நாமே கணித்து, மருத்துவரிடம் சரியாகச் சொல்ல முடியும்.

ராணிக்கெட் அல்லது வெள்ளைக்கழிச்சல்: நாட்டுக்கோழிகளை அதிகம் கொல்வது இந்த வைரஸ் நோய்தான். இந்தியாவில் 1927இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் அடையாளம் காணப்பட்டதால் இங்கே அந்த ஊரின் பெயர். அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாஸில் நோய் என்கிறது. கோழி தலையைத் தொங்கப்போட்டு, சிறகைச் சிலிர்த்து, தூங்கி வழியும். வாய் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ தண்ணீராகக் கழியும். சில நாட்களில் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே இறந்துபோவதும் உண்டு. வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை.

கோரைசா எனப்படும் சளி நோய்: இது பாக்டீரியாவால் வருவது. முகம் வீங்கும், ஒரு கண் அல்லது இரண்டும் மூடிக்கொள்ளும், மூக்கிலிருந்து துர்நாற்றமுள்ள சளி வடியும். ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் குடிப்பதால் வேகமாகப் பரவும். மருத்துவர் தரும் மருந்துக்குக் கட்டுப்படும்.

நாள்பட்ட சுவாச நோய்: மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது. மெதுவாகப் பரவும். கண்ணில் நுரை, தும்மல், வாரக்கணக்கில் நீடிக்கும் கரகரப்பு, எடை குறைவு, முட்டை குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். இறப்பு குறைவு. ஆனால் தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

அம்மை: கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் வருவதை எல்லோரும் அறிவர். இதே நோய் வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படிந்து மூச்சை அடைக்கும் வகையும் உண்டு. கொசுக்கடி இதைப் பரப்பும் முக்கிய வழிகளில் ஒன்று. அந்தத் திட்டை நகத்தால் பிய்த்து எடுத்தால் இரத்தம் வடிந்து நிலைமை மோசமாகும்.

பூஞ்சைக் காளான்: நனைந்து பூத்த வைக்கோல், பூசணம் பிடித்த தீவனம் ஆகியவற்றின் தூளைச் சுவாசிப்பதால், குறிப்பாகக் குஞ்சுகளுக்கு வரும். இது கோழிக்குக் கோழி தொற்றுவதில்லை. ஆனால் அதே வைக்கோலில் இருக்கும் எல்லாக் குஞ்சுகளுக்கும் வரலாம். வைக்கோலை மாற்றாமல் என்ன மருந்து கொடுத்தாலும் பயனில்லை.

பறவைக் காய்ச்சல்: இந்தியாவில் முதன்முதலாக 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் பகுதியில் கண்டறியப்பட்டது. முன்னறிவிப்பின்றித் திடீரெனப் பல கோழிகள் இறப்பது, கொண்டையும் தாடியும் நீலம் பூப்பது, தலை வீக்கம், காலில் இரத்தச் சிவப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். ராணிக்கெட்டும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம், ஆய்வகப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். இது அரிதாக மனிதருக்கும் வரக்கூடியது. எனவே ஒன்றிரண்டு நாட்களுக்குள் பல கோழிகள் இறந்தால், அல்லது சுற்றுப்புறத்தில் காகம், வாத்து போன்ற பறவைகளும் செத்துக் கிடந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

ஒன்று. சீக்கான கோழியைப் பஞ்சாரத்திலோ கூடையிலோ போட்டு வீட்டின் மறுபக்கத்தில், காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். அதற்கென்று தனித் தண்ணீர், தனித் தீவனக் கிண்ணம். ஈரமில்லாத தரை. இரவில் குளிர்காற்று அடிக்காமல் ஒரு பக்கம் சாக்கு போட்டு மறைக்கலாம், முழுவதும் மூடிவிடக் கூடாது.

இரண்டு. மற்ற கோழிகளை மேய விடாதீர்கள். அவை இப்போது நலமாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளே நுழைந்திருக்கலாம். ராணிக்கெட்டில் அடையாளம் வெளிப்பட இரண்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள். கோழி கொடுப்பதும் வாங்குவதும், அடைக்கு முட்டை கொடுப்பதும்கூட அதுவரை நிற்கட்டும்.

மூன்று. நலமான கோழிகளுக்கு முதலில் இரை வையுங்கள், சீக்கானதற்குக் கடைசியில். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பக்கம் போக ஒரு செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோவதில் நம் கைக்கும் காலுக்கும் பெரிய பங்கு உண்டு. மூக்கும் வாயும் மூடும்படி துணியோ முகக்கவசமோ கட்டிக்கொள்வது நல்லது. ராணிக்கெட் வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் சில நாட்கள் கண் சிவந்து எரிய வைக்கும்.

நான்கு. மூக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். கண்ணில் ஒட்டியிருக்கும் பீளையையும் அப்படியே துடைக்கலாம். பயன்படுத்திய பஞ்சை எரித்துவிடுங்கள்.

ஐந்து. வாயைப் பிளந்து தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். கோழியின் நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்தே இருக்கிறது. ஊற்றுவது அதற்குள் போனால் சீக்கால் சாகாத கோழி அதனால் செத்துவிடும். தண்ணீரை அருகில் வைத்து, அலகின் நுனியை மட்டும் நனைத்தால் தானாகக் குடிக்கும்.

ஆறு. மருத்துவரைக் கேளுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். எத்தனை கோழி உள்ளன, எத்தனைக்குச் சீக்கு, எத்தனை இறந்தன, என்றிலிருந்து, எச்சம் என்ன நிறம், கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது, புதிதாகக் கோழி வாங்கினீர்களா ஆகிய விவரங்களை எழுதிவைத்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கோழி இறந்துவிட்டால் அதை எங்கே, எப்படிப் பரிசோதனைக்குக் கொடுப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் உள்ளன. ஒரு கோழியின் பரிசோதனை மற்ற இருபதைக் காப்பாற்றலாம்.

மருந்து விஷயத்தில் எச்சரிக்கை

ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ராணிக்கெட்டுக்கும் அம்மைக்கும் அதைக் கொடுத்துப் பயனில்லை. பின்னால் வரும் வேறு தொற்றைத் தடுக்க மருத்துவர் சில சமயம் கொடுப்பார், அது அவர் முடிவு. மனிதருக்கான கேப்ஸ்யூலை உத்தேசமாகக் கலந்து கொடுத்தால் அளவு குறையும் அல்லது மிகும். அந்த மருந்து முட்டையிலும் இறைச்சியிலும் தங்கி நம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். அரைகுறை அளவில் பழகிய கிருமிகள் பிறகு மனிதருக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அடங்காமல் போகும். இந்தக் காரணத்தால்தான் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதற்கு மத்திய அரசு 2019இல் தடை விதித்தது. மருத்துவர் மருந்து எழுதினால், "எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் அறுக்கக் கூடாது?" என்று தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் கருஞ்சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம், துளசி ஆகியவற்றை இடித்து இரையோடு கொடுப்பது உண்டு. அளவோடு கொடுத்தால் தீங்கில்லை. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பதும் உண்மையே. ஆனால் சிகிச்சை செய்துகொள்ளும்படி சொன்னதும், நோயுற்றதைப் பிரித்து வைக்கச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது சுன்னத்தைப் பின்பற்றுவதாகாது. மூக்கில் எண்ணெய் விடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, கூட்டுக்குள் புகை போடுவது ஆகியவற்றை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு முட்டும் உயிருக்குப் புகை இன்னொரு நோய்.

அறுக்கலாமா? விற்கலாமா?

மிகவும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பணிப்பெண், ஓர் ஆடு சாகும் நிலையில் இருப்பதைக் கண்டு கல்லை உடைத்து அதன் கூர்மையால் அறுத்தார். அதை உண்ண நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. எனவே உயிர் இருக்கும்போது முறைப்படி அறுக்கப்பட்ட பிராணி நோயுற்றிருந்தது என்பதால் மட்டும் ஹராமாகிவிடாது. தானாகச் செத்ததோ குர்ஆன் தெளிவாகத் தடுத்த மைய்யித்து; அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் ஹலாலா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது தீங்கு தருமா? தனக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கக் கூடாது என்பது மார்க்கத்தின் பொது விதி. நோயுற்ற கோழியை அறுத்து இறகு பிடுங்கும்போதுதான் அதன் இரத்தமும் சளியும் எச்சமும் அறுப்பவரின் கையிலும் முகத்திலும் படுகின்றன. பறவைக் காய்ச்சல் மனிதருக்குப் பரவிய நிகழ்வுகளில் இவ்வாறு அறுத்ததும் இறகு பிடுங்கியதும் காரணமாக இருந்திருக்கின்றன. நன்றாக வேகவைத்தால் வைரஸ் அழிந்துவிடும் என்பது சரிதான். ஆனால் ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை, அதற்கு முன் அறுக்கும் இடத்தில் இருக்கிறது. பிடுங்கிய இறகையும் குடலையும் தெருவில் போட்டால் நாயும் காகமும் அந்த ஆபத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். ஆகவே நோய் இன்னதென்று மருத்துவர் சொல்லும்வரை அறுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் கோழியையும் அறுக்கக் கூடாது.

விற்பது இதைவிடக் கடினமான விஷயம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. கூட்டில் நான்கு கோழி சீக்கில் இருக்கும்போது, நலமாகத் தெரியும் ஆறு கோழிகளை வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அனுப்புவது அந்த ஈரத் தானியம் போன்றதுதான். இன்னும் சொன்னால், ஈரத் தானியம் வாங்கியவர் அந்த மூட்டையை மட்டுமே இழப்பார். சீக்குக் கோழி வாங்கிப்போனவர் தம் கூட்டையே இழப்பார். அவர் தெருவில் கோழியை நம்பியிருக்கும் இன்னொரு பெண்ணும் இழப்பாள். அந்த ஆறு கோழிகளின் விலை நமக்குப் பெரிய தொகையாக இருக்கலாம். இருந்தாலும், மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது.

"விற்க வேண்டாம், ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்ற எண்ணமும் சரியல்ல. நாம் கண்ணை மூடிக்கொண்டால் தவிர வாங்கிக்கொள்ள மாட்டோம் என்ற தரத்தில் உள்ளதைத் தேடிப்பிடித்துத் தர்மம் செய்ய வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் கண்டிக்கிறது. நம் வீட்டுச் சட்டியில் போடத் தயங்கும் கோழி, வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டுக்கும் போகக் கூடாது.

பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களை மறைக்காமல் அரசுக்குத் தெரிவிப்பது, கால்நடைத் தொற்றுநோய்கள் தொடர்பான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கோழி வைத்திருப்பவரின் கடமையும் ஆகும். உறுதியானால் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை கோழிகளை அழிப்பார்கள் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். அவ்வாறு அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இறந்த கோழியை என்ன செய்வது?

கையில் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு எடுங்கள். கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து தள்ளி, நாய் தோண்டாதபடி மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதையுங்கள். குப்பைத் தொட்டியிலோ ஆற்றிலோ எறிவது, நோயை நாமே பொதுவில் விநியோகிப்பதற்குச் சமம்.

பிறகு கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் எச்சத்தையும் குப்பையையும் சுரண்டி அகற்றிப் புதையுங்கள். அடுத்து சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளியுங்கள். அழுக்கின் மேலேயே பிளீச்சிங் போட்டால் வேலை செய்யாது. அதோடு பினாயில், ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. கிண்ணங்களை வெயிலில் காயப்போடுங்கள். மூன்று நான்கு வாரமாவது கூடு காலியாக இருக்கட்டும்.

பிழைத்த கோழிகள் விஷயத்திலும் கவனம் தேவை. கோரைசா, மைக்கோபிளாஸ்மா நோய்களில் பிழைத்தவை பார்வைக்கு நலமாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அவற்றோடு புதுக் குஞ்சுகளைச் சேர்த்தால் நோய் மறுபடி தொடங்கும்.

வருமுன் காப்பது

கூட்டுக்குள் குனிந்து, கோழி நிற்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால் எச்சத்திலிருந்து எழும் அமோனியா மிகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் காற்று மூச்சுக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்கி எல்லாக் கிருமிக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது. கூட்டின் மேற்பகுதியில் காற்று போக வழி, அடியில் காய்ந்த உமி அல்லது மரத்தூள், நெரிசலின்மை, தினமும் தேய்த்துக் கழுவிய தண்ணீர்க் கிண்ணம் ஆகிய நான்கும் இருந்தால் பாதிச் சீக்கு வராது. சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்தபின்தான் நம் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அதன்பின் எப்போது மறுபடி என்பதை மருத்துவர் சொல்வார். நலமான கோழிக்கே போட வேண்டும். போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே பக்கத்துத் தெருவில் சாவு தொடங்கியபின் ஓடுவதில் பலன் குறைவு. தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன், பெரும்பாலும் பிப்ரவரியில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. ஊசி போடப் பிடிக்க முடியாத கிராமக் கோழிகளுக்காக, இரைபோல் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தடுப்பு மருந்துக் குப்பி பொதுவாக நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானதாக வரும். பனிக்கட்டியில் வைத்து எடுத்து வர வேண்டும், கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டால் இது இயலாது. ஆனால் ஒரு மஹல்லாவால் இயலும். இருபது வீட்டுக் கோழிகளைச் சேர்த்தால் ஒரு குப்பி. முகாம் தேதியை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பதும், கால்நடை மருந்தகத்தில் பேசி ஒரு காலைப் பொழுதில் மருந்தை ஊருக்கு வரவழைப்பதும், கோழியைப் பிடித்துக் கொடுக்க நான்கு இளைஞர்களை அனுப்புவதும் ஜமாஅத்துக்குப் பெரிய வேலை இல்லை. யாருக்காவது சீக்கு வந்தால் வெட்கப்படாமல் சொல்லவும், சொன்னவரைத் தெருவே குறை கூறாமல் இருக்கவும் அதே ஜமாஅத் பழக்கப்படுத்தலாம். சொல்லத் தயங்குவதால்தான் நோய் மறைக்கப்படுகிறது, விற்கப்படுகிறது, பரவுகிறது.

ஈரமான ஈரல் உள்ள எந்த உயிருக்கும் செய்யும் உதவிக்கு நன்மை உண்டு என்று, தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனிதரின் செய்தியில் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். சேவலை ஏச வேண்டாம், அது தொழுகைக்கு எழுப்புகிறது என்றும் அபூதாவூதில் வருகிறது. அந்த உயிர் மூச்சுக்குத் தவிக்கும்போது அதைப் பிரித்து வைத்துப் பராமரிப்பதும், அதன் நோய் அடுத்த வீட்டுக்குப் போகாமல் காப்பதும் நம் பொறுப்பு. இன்று மாலை கோழிகள் அடைந்தபின் கூட்டருகே ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். சத்தம் ஏதும் இல்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ், நாளையே தடுப்பூசிக்கு விசாரியுங்கள். கரகரப்புக் கேட்டால் பதற வேண்டாம், அந்தக் கோழியை அப்போதே பிரித்து வையுங்கள். மற்றதை இன்ஷா அல்லாஹ் காலையில் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.